ராத்திரி ரயிலுக்கு வெள்ளையடிக்காதீர்கள்

ராத்திரியில் எடுத்த ரயில் படம் பகலில் எடுத்தது மாதிரி இருந்தால்தான் நல்ல படம் என்றொரு நம்பிக்கை பரவியிருக்கிறது. லோகோவின் ஒவ்வொரு திருகும் தெரியணும். ஜல்லிக்கற்களை ஒவ்வொன்றாக எண்ண முடியணும். வானத்தில் ஒரு புள்ளி இரைச்சல்கூட இருக்கக்கூடாது. கொஞ்சம் மங்கலாக ஒரு படம் போட்டால் போதும், "டீநாய்ஸ் போடுங்க ப்ரோ", "ஏஐ ஷார்ப்பன்ல ஒரு தடவ ஓட்டுங்க ப்ரோ" என்று நாலு பேர் வந்துவிடுகிறார்கள். இந்த அறிவுரை தப்பு. ரசனைக் குறைவு என்பது என் இரண்டாவது புகார்தான். முதல் புகார், இது பொய்ச் சாட்சி தயாரிக்கிறது என்பது.

ரயிலே வராத ஊர்க்காரனுக்கு ரயில் படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். செய்யாரில் ரயில் இல்லை. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யார், ஆரணி வழியாக நகரிக்குப் போகவேண்டிய சுமார் 180 கிலோமீட்டர் பாதைக்கு 2006-07இல் அனுமதி கிடைத்தது. பாதை இன்னும் வந்துசேரவில்லை. பக்கத்து ஆரணியில், இவ்வளவு பட்டு நெய்கிற ஊரில், ஊருக்குள் ஸ்டேஷன் கிடையாது. காட்பாடி–விழுப்புரம் பாதையில், களம்பூரில் இருக்கிற 'ஆரணி ரோடு'தான் அவர்களுக்கு. ரயில் பார்க்க ஆசைப்பட்டால் அங்கே போகணும், இல்லையென்றால் காஞ்சிபுரத்துக்கோ அரக்கோணத்துக்கோ பஸ் ஏறணும். அப்படிப் போய் எடுத்த படத்தில் ரயில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்று நினைப்பதில் என்ன அதிசயம்?

முதலில் ஷார்ப்பன் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். பழைய ஷார்ப்பன், அதாவது இருட்டறைக் காலத்திலிருந்து வருகிற 'அன்ஷார்ப் மாஸ்க்', புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற விளிம்பில் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்கும், நிழலை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கும். கண் ஏமாந்து 'கூர்மை' என்கிறது. அளவு மீறினால் ஹெட்லைட்டைச் சுற்றியும் மின்கம்பிகளின் ஓரத்திலும் வெள்ளைக் கோடு விழும். அசிங்கமாக இருக்கும், ஆனால் ஏமாற்று வெளியே தெரிந்துவிடும். இதோடு எனக்குச் சண்டையில்லை.

சண்டை புதிய ஆளோடு. கணக்கைப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் பக்கவாட்டில் கடக்கிறது. ஷட்டர் வேகம் நொடியில் 30இல் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் ரயில் அரை மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். லோகோ நம்பரின் இலக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டுக் கிடக்கும். அந்த இழுபட்ட கறையில் 3 இருந்ததா 8 இருந்ததா என்ற தகவல் பல நேரம் கோப்பிலேயே இருக்காது. மறைந்திருக்கவில்லை, அழிந்தே போயிருக்கும். இரண்டு வெவ்வேறு எண்கள் ஒரே கறையைத் தரமுடியும் என்றால், கறையிலிருந்து எண்ணுக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஏஐ ஷார்ப்பன் அங்கே என்ன செய்கிறது? முன்னால் பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து 'இந்த மாதிரி இடத்தில் வழக்கமாக இது இருக்கும்' என்று ஒன்றை வரைகிறது. அதையும் தயக்கமே இல்லாமல், பளிச்சென்று வரைகிறது.

ஐந்து இலக்க நம்பரில் ஒன்று மாறினால் அது வேறு லோகோ. அதன் ஷெட் ஈரோடாக இல்லாமல் ராயபுரமாகவோ அரக்கோணமாகவோ இருக்கலாம். எந்த வண்டியை என்றைக்கு எந்த லோகோ இழுத்தது என்று குறித்துவைக்கிற ரசிகர்கள்தான் இதில் முதலில் ஏமாறுகிறார்கள்.

மிகைப்படுத்துகிறேனா? 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினியியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் வெவ்வேறு அறைகளின் பரப்பளவு ஒரே எண்ணாக வந்திருந்தது. பார்க்க ஒரேபோல் இருக்கும் துண்டுகளை ஒன்றென்று எடுத்துக்கொள்ளும் சுருக்கமுறை செய்த வேலை அது. எழுத்து மங்கியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். எழுத்து சுத்தமாக இருந்தது, அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. 2023இல் இன்னொன்று நடந்தது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் வைத்து, அதை ஒருவர் சாம்சங் போனில் படமெடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களெல்லாம் போனின் படத்தில் வந்துவிட்டன. நிலாவுக்காவது என்றைக்கும் ஒரே முகம், ஊகம் ஓரளவு பலிக்கும். லோகோவுக்கு அப்படியா?

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. திருவோத்தூரில் சம்பந்தர் பதிகம் பாட, ஆண்பனைகள் குலை ஈன்றன என்பார்கள். அற்புதம் என்று சொல்லித்தான் அதைச் சொல்கிறார்கள். மென்பொருளும் ஆண்பனையைக் காய்க்கவைக்கிறது, ஆனால் அதை 'தெளிவு' என்ற பெயரில் விற்கிறது. என் கோபம் அந்தப் பெயரின் மேல்தான்.

நம்பர், ஷெட் எல்லாம் ரசிகர்களின் தலைவலி, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கலாம். மற்றவர்களுக்குத்தான் இதில் அதிகம் இருக்கிறது. ஒரு சின்ன ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தின் நடுவில் நாலு விளக்கு, கடைசி மூன்று பெட்டி நிற்கிற இடத்தில் கும்மிருட்டு. ராத்திரி பத்தரைக்கு அங்கே ஒரு பெண் தனியாக இறங்குகிறார். இருட்டாக இருக்கிறது, விளக்கு போடுங்கள் என்று மனு எழுதி, கூடவே போனில் எடுத்த படத்தையும் இணைக்கிறார். போன் தானாகவே 'நைட் மோடு'க்குப் போய், பல ஃபிரேம்களை அடுக்கி, நிழலைத் தூக்கி, இரைச்சலைத் துடைத்து, பிளாட்பாரத்தைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கியிருக்கிறது. படத்தைப் பார்க்கிற அதிகாரி என்ன சொல்வார்? "நல்லா வெளிச்சமாத்தானேம்மா இருக்கு." இருட்டும் ஒரு தகவல். அதைத் துடைத்துவிட்டால் புகாரையும் துடைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

ரயில்வேயே ராத்திரியை வெளிச்சப் புள்ளிகளாகத்தான் படிக்கிறது. வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். அதைப் பார்த்துத்தான் வண்டி முழுசாக வந்துசேர்ந்தது, நடுவில் கழன்று எதுவும் பின்தங்கவில்லை என்று ஸ்டேஷனில் உறுதிசெய்துகொள்வார்கள். தூரத்தில் இருக்கிற அந்தச் சிவப்புப் புள்ளியை ஒரு டீநாய்ஸ் மென்பொருள் சென்சாரின் கோளாறு என்று நினைத்துத் துடைத்துவிடக்கூடும். ரயில் படத்திலிருந்து ரயிலின் கையெழுத்தையே அழித்துவிட்டு 'கிளீன் ஷாட்' என்று பெயர் வைக்கிறோம்.

எதிர்வாதம் தெரியும். "எல்லாப் படமும் எடிட்தான். கறுப்பு வெள்ளை மட்டும் உண்மையா?" ராத்திரி ரயில் படத்தின் ஆசான் என்று கொண்டாடப்படும் அமெரிக்கர் ஓ. வின்ஸ்டன் லிங்க்கையும் இழுப்பார்கள். இழுக்கட்டும். 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் பாதையின் கடைசி நீராவி இன்ஜின்களை டஜன் கணக்கில் ஃபிளாஷ் பல்புகள் கட்டி ராத்திரியில் எடுத்தவர் அவர். காரில் உட்கார்ந்து சினிமா பார்க்கும் ஜோடியும், திரையில் விமானமும், பின்னால் ரயிலுமாக இருக்கிற 1956ஆம் வருடத்துப் படம் உலகப் புகழ்பெற்றது. அந்த விமானம் பின்னால் ஒட்டவைத்தது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போனதால் இன்னொரு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்த்தார். ஆனால் அதைச் செய்தது ஒரு மனிதர், செய்வது இன்னதென்று அறிந்து செய்தார், இன்றைக்கு நமக்கும் அது தெரியும். ஏஐ ஷார்ப்பன் போட்டவருக்குத் தன் படத்தில் எது புதிதாகச் சேர்ந்தது என்று தெரியாது. தான் செய்த மாற்றம் தனக்கே தெரியாதவருக்கு லிங்க் எப்படிச் சாட்சிக்கு வருவார்?

ஆரணிப் பக்கம் இதற்கு விளக்கமே தேவையில்லை. அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். போலி ஜரிகைச் சேலை விற்பது குற்றமில்லை. விலையும் குறைவு, கட்டுபவர்களும் இருக்கிறார்கள். அசல் என்று சொல்லி விற்பதுதான் குற்றம். கைத்தறிக்கென்று உள்ள ரகங்களை விசைத்தறியில் ஓட்டுகிற பிரச்சினைக்கு 1985இல் ரக ஒதுக்கீட்டுச் சட்டமே போட வேண்டியிருந்தது. படத்துக்கு அப்படிச் சுரண்டிப் பார்க்க இருப்பது ரா ஃபைல் ஒன்றுதான். அதை டெலீட் செய்துவிட்டு 'மாஸ்டர்பீஸ்' மட்டும் வைத்திருப்பவரிடம் எதைச் சுரண்டுவது?

பழைய படங்கள் விஷயம் இன்னும் மோசம். காட்பாடி–விழுப்புரம் பாதை அகலமாவதற்கு முன், மீட்டர்கேஜ் ஓடிய காலத்து ராத்திரிப் படங்கள் ரொம்பக் குறைவு. இருப்பவையும் மங்கிய ஸ்கேன்கள். அவற்றை நாலு மடங்கு பெரிதாக்கி, கலர் பூசி, ஸ்டேஷன் பலகையின் தமிழ் எழுத்தை இன்ன மொழியென்றே தெரியாத கிறுக்கலாக மாற்றிப் பகிர்கிறார்கள். பத்து பேர் பகிர்ந்ததும் தேடலில் அதுதான் முதலில் வரும். மங்கிய அசலை யார் தேடப்போகிறார்கள்?

நான் கேட்பது கொஞ்சம்தான். ரா ஃபைலை வைத்திருங்கள். ஏஐ தொட்டிருந்தால் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். கூர்மையாக்கிய படத்திலிருந்து நம்பரைப் படித்துப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள். நின்றிருக்கும் ரயிலுக்கு ட்ரைபாட் வையுங்கள், ஓடும் ரயில் கோடாகத் தெரிந்தால் தெரியட்டும். அது ஓடியது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

செய்யார் ஸ்டேஷனில் ராத்திரி ஒரு எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிற படத்தை இன்றைக்கே இரண்டு நிமிடத்தில் உருவாக்கிவிடலாம். ஈரமான பிளாட்பாரம், மஞ்சள் பலகை, ஹெட்லைட்டில் மின்னும் தண்டவாளம் என்று எல்லாம் துல்லியமாக இருக்கும். ரயில் மட்டும் வந்திருக்காது. ஒருநாள் நிஜமாகவே வரும்போது, யாரோ ஒரு பையன் கை நடுங்க, ஃபோகஸ் தவறி, இருட்டில் ஒரு படம் எடுப்பான். அதை நம்புவதற்கு ஊரில் ஆள் மிச்சமிருக்கணும்.