மிளகும் அயல்நாட்டுச் சந்தையும்

இலங்கையின் ஏற்றுமதிப் பயிர்களைப் பற்றிப் பேசுங்கால் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியனவே முதலில் நினைவுக்கு வருவன. எனினும், மாத்தளை, கண்டி, கேகாலை முதலிய மாவட்டங்களின் வீட்டுத்தோட்டங்களிற் கிளிசிறிடியா மரத்தைப் பற்றிப் படரும் மிளகுக்கொடி, சிறு கமக்காரர் பலருக்குக் கைகொடுக்கும் பயிராகும். இம்மிளகை நெடுங்காலமாகப் பெருமளவில் வாங்கி வரும் நாடு இந்தியாவே. காரமும் எண்ணெய்ச் சத்தும் மிகுந்திருத்தலால், சாறு பிரித்தெடுக்கும் ஆலைகள் இலங்கை மிளகைப் பெரிதும் விரும்புகின்றன.

1998 டிசம்பர் 28 ஆந் தேதி இரு நாடுகளும் கைச்சாத்திட்ட சுதந்திர வணிக உடன்படிக்கை, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ்த் தீர்வையின்றிச் செல்லும் மிளகின் அளவு பின்னர் ஆண்டுக்கு 2,500 தொன் என வரையறுக்கப்பட்டது. இச்சலுகை பெரும் நன்மையே. ஆயினும், ஒரே வாயிலை நம்பியிருக்கும் வணிகம் எத்துணை நிலையற்றது என்பதை 2017 டிசம்பர் உணர்த்திற்று. மலிவான வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகின்றதெனக் கேரள, கருநாடகச் செய்கையாளர் முறையிட்டனர். இந்திய அரசு, இறக்குமதியாகும் மிளகுக்குக் கிலோ ஒன்றுக்கு 500 இந்திய ரூபா என்னும் குறைந்தபட்ச விலையை விதித்தது.

பிறநாட்டு மிளகை இலங்கை மிளகென விற்பவர் அடையும் இலாபம் சிலநாளைக்கே. அதனாற் கெடும் பெயரோ கொடி வளர்த்தவனையே சாரும். ஆதலின், விளைந்த இடத்துக்குரிய சான்றை வழங்குவதிற் சிறிதும் தளர்வு கூடாது.

அயல்நாட்டின் சட்டம் கமக்காரன் கையில் இல்லை. மிளகின் தரமோ அவன் கையில் உள்ளது. களவுக்கும் கடனுக்கும் அஞ்சி இளங்காயைப் பறிப்போர் பலர். அவ்வாறு பறித்த இலேசான மிளகு, எண்ணெய் எடுக்கும் ஆலைகளையன்றி வேறு சந்தையை எளிதில் நாட இயலாது. கதிரில் ஓரிரு மணிகள் பழுத்த பின் பறித்து, கொதிநீரிற் சற்றே அமிழ்த்தி, தூய பாயிலோ களத்திலோ நன்கு உலர்த்திய கனத்த மிளகுக்கு வேறு நாடுகளின் சந்தைகளும் திறக்கும்.

பொறுத்திருக்க வசதியற்ற கமக்காரனைக் குறைகூறுவதாற் பயனில்லை. கிராமந்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் பொது உலர்களமும் முற்பணமும் அளிக்க முன்வருதல் வேண்டும். ஒரு வாயில் அடைபடினும் மறுவாயில் திறந்திருக்கும் வணிகமே கமக்காரனுக்கு உறுதியான துணையாகும்.