பெட்டி முதலா, பயணம் முதலா?

விடுமுறை நெருங்கிவிட்டது. மாணவர் அறைகளில் இப்போது இரண்டு பேச்சுகளே கேட்கின்றன. எந்தப் பெட்டி வாங்கலாம் என்பது ஒன்று. யாரும் போகாத இடமாக எங்கே போகலாம் என்பது மற்றொன்று. பெட்டிப் பேச்சு முடிந்த பிறகே பயணப் பேச்சு தொடங்குகிறது. வீட்டிலிருந்து வந்த பணத்தில் பெரும்பகுதி பெட்டிக்குப் போய்விட, வண்டிச் சத்தத்துக்கு மிச்சமில்லாமல் நிற்பவர்களும் உண்டு. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து.

பெட்டியை நான் பழிக்கவில்லை. சக்கரம் பூட்டிய பெட்டி மனிதனுக்கு வாய்த்த நல்ல துணை. அமெரிக்கரான பெர்னார்டு சாடோ அதற்கு 1972இல் காப்புரிமை பெற்றார். நிமிர்த்திப் பிடித்து இழுத்துச் செல்லும் நீண்ட கைப்பிடியை ராபர்ட் பிளாத் என்னும் விமானி 1987இல் அமைத்தார். ஆனால் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. வழவழப்பான தரை உள்ள இடத்துக்குத்தான் அது ஓடும். மண் பாதையிலும் மலைப்படியிலும் நின்றுவிடும். பெட்டி நிற்கும் இடத்தில் நாமும் நின்றுவிட்டால், பயணம் செய்வது நாமா, பெட்டியா?

ஆகவே பை வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் சாமான்களைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறுங்கள். மூச்சு வாங்கினால் பாதியை எடுத்து வெளியே வையுங்கள். உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டு செல்லப் பொதுவாக 7 கிலோ அனுமதிக்கிறார்கள். மூன்று மாற்றுடை, ஒரு துண்டு, மருந்து, குறிப்பேடு ஆகியவற்றுக்கு அது தாராளம். குளிர்நாட்டுக்குப் போகிறவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். கனத்த மேற்சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டே வண்டி ஏறட்டும்!

இனி, யாரும் போகாத இடம். அப்படி ஓர் இடத்தை இன்று உலகப் படத்தில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் யாரும் கேட்காத கேள்விகள் எத்தனையோ உண்டு. அப்படி ஒரு கேள்வியோடு போகிறவன் எங்கே போனாலும் புதிய இடத்துக்கே போகிறான். கோட்டையூர் ஏ. கே. செட்டியாரை எண்ணிப் பாருங்கள். காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1937இல் பிறந்தது. எந்த நாட்டில் யாரிடம் அடிகளைப் பற்றிய படச்சுருள் இருக்கிறது? இந்தக் கேள்வியோடு ஏறக்குறைய 1,00,000 மைல் அலைந்தார். 1940இல் படம் வெளிவந்தது. அவர் போன நகரங்களுக்கு அவருக்கு முன்பும் ஆயிரமாயிரம் பேர் போயிருந்தார்கள். அவர் தேடியதை அவர்கள் தேடவில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

உலகம் சுற்றப் பணமில்லை என்று சோர்கிறீர்களா? நம் பெங்களூரிலேயே தொம்மலூருக்கு வாருங்கள். 2008 வரை பயணிகள் பெட்டியும் கையுமாக விமான நிலையத்துக்கு விரைந்த சாலை இவ்வூர் வழியாகத்தான் செல்கிறது. அந்தச் சாலையை விட்டுச் சற்று விலகினால் பழமையான சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டால் சிவன் கோயில் என்று தோன்றும். உள்ளே இருப்பவரோ பெருமாள். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஹொய்சள மன்னன் இராமநாதன் காலமாகிய 13ஆம் நூற்றாண்டில் இவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர் இருந்தது. நாடு நாடாகச் சென்று வாணிகம் செய்த நானாதேசி வணிகரை அப்பெயர் நினைவூட்டவில்லையா?

நான் அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்க முயன்றேன். நான்கைந்து சொற்களே பிடிபட்டன. ஆயினும் அன்று மாலை எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எந்தச் சுற்றுலா நிறுவனமும் விற்க முடியாது. நீங்கள் போகும்போது ஒரு கன்னட நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். மன்னன் அவர் நாட்டவன், எழுத்து நம்முடையது. இருவரும் சேர்ந்து நின்றால்தான் அந்தக் கல் முழுக் கதையையும் சொல்லும்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நான்கு நல்ல தோள்பைகளை வாங்கிப் பொதுவில் வைப்போம். பயணம் போகிற மாணவர் இரவல் பெறட்டும். வாடகை வேண்டாம். புறப்படுமுன் ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும்; திரும்பியதும் அதற்குக் கிடைத்த விடையை இந்த இதழுக்கு எழுத வேண்டும். அடுத்த செயற்குழுவிலேயே இதை எடுத்துக்கொண்டால் என்ன?