எண் சொன்னால் போதுமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் செய்வது என்ன? சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறோம். ஆனால் அதே நாம், கணினித் திரை 'செயலியின் வெப்பநிலை 80 டிகிரி' என்று காட்டினால் மறுபேச்சின்றி நம்பிவிடுகிறோம். இது சரியா?

செயலிக்குள் இருக்கும் வெப்ப உணரி, பாதரச வெப்பமானியைப் போன்றதன்று. இன்டெல் செயலிகளில் அது, உச்ச வரம்பிற்கு இன்னும் எத்தனை டிகிரி குறைவு என்பதை மட்டுமே கூறும். அதை வரம்பிலிருந்து கழித்துச் சொல்வது இயங்குதளத்தின் வேலை. வரம்பு 90, உணரி கூறுவது 40 என்றால், உண்மை வெப்பநிலை 50. வரம்பை அறிய முடியாத இயங்குதளம் அதை 100 எனக் கொண்டால், திரையில் 60 தோன்றும். உணரி பொய் சொல்லவில்லை, கணக்குத்தான் பிழைத்தது. 2017இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் செயலிகளோ, விசிறிக் கட்டுப்பாட்டிற்காக 20 டிகிரி கூட்டியே அறிவித்தன. அதைக் கழிக்கும் திருத்தம் லினக்ஸில் பின்னர்தான் சேர்ந்தது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் தருமபுரி மாவட்டத்துக் குடிசைகளுக்கும் கணினி வந்தது. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். திரையில் தெரியும் எண் எங்களைப் போன்ற வீடுகளில் தீர்ப்புக்குச் சமம். 'சூடு அதிகம், போர்டை மாற்ற வேண்டும்' என்று யாரேனும் சொன்னால், கரைவது ஒரு தகப்பனின் பல நாள் கூலியல்லவா?

ஆகவே முதலில் சோதிப்போம். இரவெல்லாம் அணைந்திருந்த கணினியைக் காலையில் இயக்கி, அறையின் வெப்பமானியோடு ஒப்பிடுவோம். வெறும் விசிறியால் அறை வெப்பத்திற்குக் கீழே குளிர்விக்க இயலாது. திரை அதற்கும் குறைவாகக் காட்டினால் அந்த எண் தவறு. வேலை கூடும்போது எண் ஏறாமல் அப்படியே நின்றாலும் ஐயம் கொள்வோம். பயாஸ் காட்டும் எண்ணையும் பார்ப்போம். அதற்காக எல்லா எச்சரிக்கையும் பொய்யென்று ஒதுக்கலாகாது. காற்றுத் துளையில் தூசி அடைத்து, கணினி வேகம் குறைந்து தானாக அணைந்தால், சூடு மெய்யே!

நம் ஆய்வுக்கூடத்தில் இதையும் ஒரு செய்முறைப் பயிற்சியாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கருவியைச் சோதித்த பிறகே அளவை நம்பு என்பதுதானே இயற்பியல் நமக்குத் தந்த முதற்பாடம்? அது திருகு அளவியோடு நின்றுவிடலாமா, நண்பர்களே?