கிராம வைத்தியமும் சுதேச பாஷையும்

நமது கிராமங்களில் வைத்திய வசதி போதாதென்னும் முறையீடு இன்று நேற்று எழுந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைக் குடியானவனுக்குத் துணை நின்றவர் பரம்பரை நாட்டு வைத்தியரும், பிரசவ காலத்தில் ஊர் மருத்துவச்சியுமே ஆவர். சர்க்கார் டாக்டர் என்பவர் பட்டணத்து மனிதர். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியினால் இளைத்த ஜனங்களை விஷபேதியும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின.

ஆங்கிலேய சர்க்கார் 1835இல் சென்னையில் ஒரு வைத்தியப் பள்ளியை ஏற்படுத்தினர். பட்டாளத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வேண்டிய சிப்பந்திகளைத் தயாரிப்பதே அதன் நோக்கம். குடியானவன் அவர்கள் கண்ணில் படவில்லை. 1884ஆம் வருஷத்து ஸ்தல போர்டுச் சட்டம் கிராமாந்தர டிஸ்பென்ஸரிகளைப் போர்டுகளின் தலையில் வைத்தது. பொறுப்பு வந்தது, அதற்கேற்ற பணம் வந்ததா?

நிற்க. அதே காலத்தில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த ஒன்றை நேயர்கள் கவனிக்கவேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஸாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திச் சுதேச வாலிபர்களுக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பலன் யாது? தேறிய மாணவர் பலர் சர்க்கார் உத்தியோகத்தையும் நல்ல சம்பளத்தையும் நாடி வெளியூர் சென்றனர். கிராமங்கள் பழையபடியே கிடந்தன. இதைக் கண்ட கிறீன், சிலகாலம் தாய்நாடு சென்று 1862இல் திரும்பியபின், தமிழிலேயே வகுப்பு நடத்துவதென்று தீர்மானித்து, 1864இல் அவ்வாறே தொடங்கினார். தமிழில் கற்றவன் தமிழர் நடுவிலேயே தங்குவான் என்பது அவரது கணக்கு.

மத மாற்றமே மிஷனின் கருத்து என்பதை நாம் மறக்கவில்லை. அதைப் பற்றி நமது அபிப்பிராயம் யாவரும் அறிந்ததே. ஆயினும் உண்மையை ஒப்புக்கொள்ளத் தயங்குவானேன்? அந்நியர் ஒருவர் நமது பாஷையைக் கற்று, தம் மாணவர் துணையுடன் அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய பெருநூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றனர்.

சாஸ்திர விஷயங்களுக்குத் தமிழில் சொல் இல்லையே என்று ஆங்கிலம் படித்த நம்மவர் இன்றும் ஆட்சேபிக்கின்றனர். 'கெமிஸ்தம்' என்னும் நூலின் பெயரே அவர்களுக்குப் பதில். தமிழ்ச்சொல் கிடைத்தவிடத்து அதையும், கிடையாதவிடத்து வடசொல்லையும், இரண்டும் உதவாதபோது ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் உடை அணிவித்தும் அவர் வேலையை முடித்தார். சொல்லுக்காக நோயாளி காத்திருக்கமாட்டான் என்பதை அவர் அறிவார். நம் பண்டிதர்களோ ஒரு சொல்லைத் தீர்மானிக்க ஒரு கமிட்டி, அதைத் திருத்த மற்றொரு கமிட்டி என்று காலங் கழிக்கின்றனர்!

1873இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். 1870இல் கொழும்பில் ஏற்பட்ட வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தையே ஆதாரமாகக் கொண்டது; உத்தியோகமும் மதிப்பும் அதன் பக்கம் சென்றன. தமிழ் வகுப்பு நலிந்து மறைந்தது. தமிழ் அதற்குத் தகுதியற்றதென்று யாரும் நிரூபித்ததில்லை. ஆதரிப்பாரின்றியே அது ஒழிந்தது.

சுதந்திரம் பெற்று எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் நிறுவப்பெற்றிருப்பதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் வைத்தியக் கல்லூரியில் பாடமொழி ஆங்கிலமே. கூலிக்காரத் தாய் ஒருத்தி தன் குழந்தைக்கு என்ன வியாதி என்பதை டாக்டர் தந்த சீட்டிலிருந்து அறிய முடியாமல், அதைப் படித்துச் சொல்ல மருந்துக் கடைக்காரரைத் தேடுகிறாள். இந்த அவமானத்தை எத்தனை காலம் சகிப்பது?

மருந்துச் சீட்டும், நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பும் தமிழிலும் இருக்கவேண்டுமென்று அரசாங்கம் உடனே உத்தரவிடலாம். இதற்குப் புதுச் சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. அத்துடன், ஏதேனும் ஒரு ஜில்லாவின் வைத்தியக் கல்லூரியில் கிராம சேவைக்கு இசையும் மாணவர்க்குத் தமிழ் வகுப்பு ஒன்றைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கட்டும். மானிப்பாயில் 1864இல் ஒரு தனி மனிதர் செய்து காட்டியதைச் செய்ய இயலாதென்று மந்திரிகள் சொல்வார்களாயின், காரணத்தையும் அவர்களே சட்டசபையில் விளக்கட்டும்.