எல்லோர் முதுகும் ஒரே முதுகா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு எழுதவெல்லாம் வராதுப்பா" என்றுதான் முதலில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. ஆனாலும் ஒரு விஷயம் ஒரு வருடமாக என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நம் மலரில் எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? அதனால் துணிந்துவிட்டேன். விஷயம், நம் கல்லூரி யோகா வகுப்பு.

சிரிக்காதீர்கள்! "உறுத்தல் போகத்தானேடா யோகா, அதிலேயே உனக்கு உறுத்தலா?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டார்கள்.

சென்ற ஆண்டு புதனும் வெள்ளியும் மாலை 4 மணிக்குக் கலையரங்கில் ஜமக்காளம் விரித்து ஹடயோகம் சொல்லித் தந்தார்கள். ஹடயோகம் என்றதும் பயப்பட வேண்டாம். ஆசனம், மூச்சுப் பயிற்சி என்று உடம்பிலிருந்து தொடங்குகிற யோகம், அவ்வளவுதான். மெக்கானிக்கல், சிவில், ஈ.சி.இ. என்று எல்லாப் பிரிவிலிருந்தும் 42 பேர் சேர்ந்தோம்.

42 பேரும் ஒரே மாதிரியா? பள்ளிக்கூடத்திலேயே யோகாசனப் போட்டியில் மெடல் வாங்கிய 3 பேர் இருந்தார்கள். கபடியில் முட்டி பிசகிய ஒருவன் இருந்தான். தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர்கள் இருந்தார்கள். லீவு நாளில் அப்பாவோடு ரைஸ் மில்லுக்குப் போய் மூட்டை தூக்கி, தோளும் தொடையும் இறுகிப்போன நானும் இருந்தேன். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை. "ஒண்ணு... ரெண்டு... மூணு... குனி!"

முதல் நாள் பாதஹஸ்தாசனம். முட்டி மடங்கக் கூடாது, கை தரையைத் தொட வேண்டும். என் கை முழங்காலுக்கு ஒரு சாண் கீழே போய் நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய், இரும்புக் கம்பிடா இவன்!" கலையரங்கமே சிரித்தது. ஒரு செமஸ்டர் முழுக்க அதுதான் எனக்குப் பெயர்.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். "குனியறதுக்கா காலேஜுல கிளாசு வெக்கிறாங்க?" என்று அம்மா சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? நடவுக்குப் போகிறவள். காலையில் சேற்றில் குனிந்தால் மத்தியானம் வரை நிமிர மாட்டாள். குனிவதுதான் யோகம் என்றால், எங்கள் மன்னார்குடிப் பக்கத்து நடவுப் பெண்கள் எல்லோருமே பெரிய யோகிகள்! ஆனால் அதே அம்மா ராத்திரியில் இடுப்புக்குத் தைலம் தேய்க்காமல் தூங்குவதில்லை. எவ்வளவு குனிகிறோம் என்பதில் மட்டும் யோகம் இல்லை என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

அடுத்து வந்தது ஆண்டு விழா. மேடையில் யோகாசன நிகழ்ச்சி உண்டு, எல்லா ஆசனத்தையும் முழு நிலையில் செய்கிறவர்களுக்குத்தான் இடம் என்று அறிவித்தார்கள். அந்த விழாவுக்கு என் அப்பா வருவதாக இருந்தார். நம் கல்லூரிக் கேட்டுக்குள் அவர் முதல் தடவையாக வரப்போகிற நாள். பையன் மேடையில் நிற்க வேண்டாமா?

ராத்திரி 10 மணிக்கு மேல் ஹாஸ்டல் வராந்தாவில் ஹலாசனம் பழகினேன். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தரையைத் தொட வேண்டும். என் கால் அந்தரத்தில் ஒரு முழம் நின்றது. ஒரு நாள் அறை நண்பன் "நான் அமுக்கறேன்டா" என்று காலைப் பிடித்து அமுக்கினான். கழுத்தில் 'சுருக்' என்றது. 11 நாள் தலையைத் திருப்ப முடியவில்லை. லேத்தில் வேலை ஓடும்போது குனிந்து பார்க்க முடியாமல், பிராக்டிகலில் பாதி மார்க் போனது.

விழா அன்று மேடையில் 16 பேர். கீழே 26 பேர். எனக்குக் கிடைத்த வேலை ஜமக்காளம் விரிப்பது, மடிப்பது. அப்பா வந்தார். கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். "நீ எங்கடா நின்னே?" என்று கேட்டார். "கீழதான்ப்பா, ஜமக்காளத்துக்கிட்ட" என்றேன். ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார்: "மில்லுக்குப் புதுசா வர்ற பையன் தலையில மொத நாளே முழு மூட்டைய ஏத்த மாட்டோம்டா. அரை மூட்டை குடுத்து, அவன் நடக்கற நடையப் பாத்துத்தான் ஏத்துவோம். இல்லேன்னா மறுநாள் அவன் வேலைக்கு வரமாட்டான்."

அப்படியே நடந்தது. விழா முடிந்த அடுத்த புதன்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள் 18 பேர். மேடையேறாதவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. யோகா தேவைப்பட்டவர்கள் போய்விட்டார்கள். ஏற்கெனவே தெரிந்தவர்கள் மிச்சமிருந்தார்கள். இதை வகுப்பு என்பதா, வடிகட்டி என்பதா?

நண்பர்களே, நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இழுவிசைச் சோதனைக்குக் கம்பியை மெஷினில் மாட்டுவதற்கு முன் என்ன செய்கிறோம்? என்ன உலோகம், விட்டம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று அளந்து எழுதுகிறோம். மைல்ட் ஸ்டீல் நீண்டு, மெலிந்து, அப்புறம்தான் அறுகிறது. வார்ப்பிரும்பு நீளாமலே 'டப்' என்று உடைந்துவிடுகிறது. எலாஸ்டிக் லிமிட்டுக்குள் இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறது, தாண்டினால் திரும்புவதில்லை. ஒரு துண்டுக் கம்பிக்கே இத்தனை விசாரிப்பு! மனுஷன் முதுகுக்கு ஒரு கேள்வி கிடையாதா?

உடம்பும் இப்படித்தான். தசையை வெடுக்கென்று இழுத்தால், தன்னைக் காத்துக்கொள்ள அது இன்னும் இறுகும். மெதுவாக, மூச்சு விட்டு நீட்டினால் இடம் கொடுக்கும். இடுப்பு எலும்பின் குழி எல்லோருக்கும் ஒரே அமைப்பில் இல்லை. அதனால்தான் ஒருவனுக்குப் பத்மாசனம் விளையாட்டாக வருகிறது, இன்னொருவனுக்கு அந்தப் பாரம் முட்டியில் போய் விழுகிறது. அவன் சோம்பேறி என்பதால் அல்ல! ரத்தக்கொதிப்போ, கண் அழுத்த நோயோ இருக்கிறவர்கள் சிரசாசனம் செய்யக் கூடாது. இதையெல்லாம் கேட்காமல், எல்லோரையும் ஒரே எண்ணிக்கையில் தலைகீழாக நிறுத்தினால் அது யோகமா?

பழைய நூல்களும் என் பக்கம்தான்! பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் வருகிற ஆசனங்கள் பதினைந்துதான். இளைஞர், முதியவர், நோயாளி, மெலிந்தவர் யாராக இருந்தாலும் விடாமல் பழகினால் பலன் உண்டு என்று அது சொல்கிறது. யோகத்தைக் கெடுக்கிறவை என்று அது சொல்லும் பட்டியலில் அளவுக்கு மீறிய பிரயாசையும் ஒன்று. அந்த ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் நான் செய்தது அதுதான்.

நம் காலத்துக்குப் பக்கத்தில் வருவோம். கிருஷ்ணமாச்சாரியார் (1888 - 1989) மைசூர் அரண்மனையில் 1930களில் இளைஞர்களுக்குத் துள்ளிக் குதிக்கும் ஆசனங்களைக் கற்றுத் தந்தவர். அவரே பிறகு சென்னைக்கு வந்து, நோயோடு வருகிறவர்களுக்குத் தனித்தனியாக, அவரவர் உடம்பைப் பார்த்துப் பயிற்சி கொடுத்தார். ஆசிரியர் ஒருவர்தான், ஆளைப் பார்த்துப் பாடம் மாறியது! அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் யார் தெரியுமா? பொறியியல் படித்தவர், நம் இனம்! அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்து, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தைத் தொடங்கி, ஆளுக்கேற்ற யோகம் என்பதையே வாழ்நாள் முழுவதும் சொல்லித் தந்தார்.

கிருஷ்ணமாச்சாரியாரின் இன்னொரு மாணவர் பி.கே.எஸ். அய்யங்கார் (1918 - 2014). சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக வந்து மெலிந்துபோன உடம்பு. குனிந்தால் கை முழங்காலைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவரும் ஒரு 'இரும்புக் கம்பி'தானே! பிறகு அவர் கட்டை, கயிறு, பெல்ட், நாற்காலி எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்தார். கை தரைக்கு எட்டாதவனுக்குத் தரையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுத்தார். இதைவிட நல்ல இன்ஜினியரிங் உண்டா?

மறுபக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மெடல் வாங்கிய நண்பன் ஒருவன் கேட்டான்: "உங்களுக்காக நான் எத்தனை நாள் தாடாசனத்திலேயே நிக்கிறது?" நியாயமான கேள்வி. அவன் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஆசனத்தை மூன்று நிலையில் சொல்லித் தரலாம். புதியவன் முட்டியை மடக்கிக் குனியட்டும். நடுவில் இருப்பவன் கையைக் கட்டையில் ஊன்றட்டும். தெரிந்தவன் முழு நிலையில் நின்று, மூச்சு சீராக ஓடுகிறதா என்று கவனிக்கட்டும். அது அவனுக்கும் சுலபமாக இருக்காது! மூச்சு முட்டினாலோ, பல்லைக் கடிக்க வேண்டியிருந்தாலோ யாராக இருந்தாலும் ஒரு படி இறங்க வேண்டும். இது ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுச் சட்டம்.

"ஜூன் 21-ல் எல்லோரும் ஒன்றாகத்தானே செய்கிறோம்?" என்று கேட்கலாம். உலக யோகா தினம் 2015 முதல் கொண்டாடப்படுகிறது. மைதானத்தில் ஒரே எண்ணிக்கையில் ஒரு நாள் செய்வது விழா. வருஷம் முழுக்க நடப்பது வகுப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

மாஸ்டரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. கழுத்துவலி தீர்ந்த பிறகு அவரிடமே போய் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏம்ப்பா மொதல்லயே சொல்லல?" என்றார். "நீங்க கேக்கலையே சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஹலாசனத்தை மறந்துவிடச் சொல்லி, சுவரில் காலைச் சாய்த்துப் படுக்கச் சொன்னார். முட்டியை மடக்கிக் குனியச் சொன்னார். மூச்சை மட்டும் கவனி, தரையைப் பார்க்காதே என்றார். ஒரு மணி நேரத்தில் 42 பேரைத் தனி ஆளாக அவர் எப்படிப் பார்ப்பார்? தப்பு அவருடையதல்ல, ஏற்பாட்டினுடையது.

இன்று என் கை கணுக்காலுக்கு வந்திருக்கிறது. தரை இன்னும் ஒரு ஜாண் தள்ளித்தான் இருக்கிறது. இருக்கட்டுமே! பரீட்சைக்கு முன் நாடிசுத்தி செய்தால் கை நடுக்கம் குறைகிறது. எனக்கு அது போதும்.

இதை யோகாவுக்காக மட்டும் நான் எழுதவில்லை. முதலாமாண்டில் இங்கிலீஷில் கணக்குப் பாடம் ஓடியபோதும் நான் இதே மாதிரி ஒரு சாண் தள்ளித்தான் நின்றேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எத்தனை பேர் நின்றோம்! ஒரு வாத்தியார் மட்டும் "முதலில் படத்தைப் புரிஞ்சுக்கோ, வார்த்தை பின்னால வரும்" என்றார். எனக்கு அவர் போட்டுக் கொடுத்த கட்டை அது. அதில் கை ஊன்றித்தான் மூன்றாம் ஆண்டு வரை அரியர் இல்லாமல் வந்திருக்கிறேன்.

ஆகவே பேரவைக்கு என் கோரிக்கைகள்: முதல் நாளே ஒவ்வொருவரிடமும் உடம்பில் என்ன சிரமம் என்று தனித்தாளில் எழுதி வாங்க வேண்டும். வெளியே சொல்லத் தயங்கும் சகோதரிகளுக்கும் அது உதவும். 42 பேரை இரண்டு பிரிவாக்கி, புதன் ஒரு பிரிவு, வெள்ளி ஒரு பிரிவு என்று நடத்த வேண்டும். மரப்பட்டறையில் மிஞ்சும் கட்டைகளை இழைத்து நாமே வகுப்புக்குச் செய்து தரலாம். சான்றிதழ், தவறாமல் வந்தவர்களுக்கெல்லாம் வேண்டும். முக்கியமாக, இந்த வருஷ ஆண்டு விழா மேடையில் முட்டியை மடக்கிக் குனிகிறவனும் நிற்க வேண்டும்!

நின்றால் என் அப்பா மறுபடி வருவார். "எங்கடா நின்னே?" என்று கேட்க வேண்டியிருக்காது.

சிந்திப்போம் நண்பர்களே, செயல்படுவோம்!

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்