எந்த அமீபா, எந்தக் குழாய்?

சீதபேதிக்காக மலப் பரிசோதனை செய்துகொள்கிறவரின் சீட்டில் ‘அமீபா சிஸ்ட் உள்ளது’ என்று எழுதியிருந்தால், அடுத்தது மெட்ரோனிடசோல் மாத்திரைதான். ஆனால் நுண்ணோக்கியில் தெரிந்த அந்த உருண்டை, அதாவது உறைக்குள் அடங்கிய சிஸ்ட், எந்த அமீபாவுடையது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குடலைப் புண்ணாக்கி, சிலருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டியும் உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா வேறு, குடலைத் துளைக்காமல் வாழும் டிஸ்பார் வேறு என்பதே 1993இல்தான் முறைப்படி நிலைநாட்டப்பட்டது. மூன்றாவதாக மாஷ்கோவ்ஸ்கி என்ற இனமும் நம் பக்கத்து நோயாளிகளிடம் இருப்பதை, புதுச்சேரி ஜிப்மரில் சுபாஷ் சந்திர பரிஜா குழுவினர் டி.என்.ஏ. சோதனை மூலம் 2005இல் காட்டினார்கள்.

இனத்தைப் பிரிப்பதோடு நிற்க வேண்டியதில்லை; ஓர் இனத்துக்குள்ளேயே ரகங்களையும் பிரித்தறியலாம். ஹிஸ்டோலிட்டிகாவின் மரபணுத் தொகுப்பில் தன்னையே நகலெடுத்து வேறிடத்தில் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள் நிறைய. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுதா பட்டாச்சார்யா இவற்றைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். ‘லைன்’ எனும் நீளத் துண்டுக்கு நகலெடுக்கும் என்சைம் சொந்தம். ஏறத்தாழ 550 எழுத்தே கொண்ட ‘சைன்’ அந்த என்சைமை இரவல் வாங்கிப் பரவுகிறது, ஒட்டுண்ணிக்குள்ளே இன்னொரு ஒட்டுண்ணி போல. சைன் செருகியிருக்கும் இடங்கள் ரகத்துக்கு ரகம் மாறுவதால், அவற்றை வைத்தே ரகங்களை இனங்காணலாம் என்று அவர் குழுவின் 2013 ஆய்வு காட்டியது. இடம் மாறும் துண்டு எப்படி நம்பகமான அடையாளமாகும் என்று கேட்கலாம். இடம் மாறுவது நகல்தான். மூலத்துண்டு இருந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை. ஒருமுறை செருகியது பொதுவாகத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும்.

தாம்பரம் மாநகராட்சிப் பகுதிக்கு ரகம் காணும் இந்தச் சோதனை தேவை என்பேன். 2024 டிசம்பரில் அங்குள்ள பல்லாவரத்தில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா என்பதே பெரிய சர்ச்சையானது. அதற்கு அமீபாதான் காரணம் என்பதல்ல என் வாதம். நோயின் மூலத்தை வாக்குவாதத்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான். அதே மாநகராட்சியில், அடையாற்றங்கரை அனகாபுத்தூரில் குழாய், போர்வெல், லாரி, கேன் என்று தண்ணீர் பல வழியாக வீட்டுக்குள் வருகிறது. நோயாளியிடம் உள்ள ரகமும் சம்ப்பில் உள்ள ரகமும் ஒன்றானால், தேட வேண்டிய தெரு தெரியும். சில ரூபாய் மாத்திரை இருக்கும்போது எதற்கு இத்தனை செலவு என்பார்கள். மெட்ரோனிடசோல் மட்டும் குடலிலுள்ள சிஸ்ட்டை முழுதாக ஒழிப்பதில்லை. குடிநீரில் வழக்கமாகச் சேர்க்கும் குளோரினுக்கும் சிஸ்ட் எளிதில் சாவதில்லை. குணமானவரிடமிருந்தே தொற்று மறுபடி சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையைத்தானே முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் எந்த உடைப்பை முதலில் அடைப்பது? கொரோனாவுக்காக அரசு மருத்துவக் கல்லூரிகளில் வைத்த பி.சி.ஆர். கருவிகளில் ஒன்றை, செங்கல்பட்டிலேயே, இந்த வேலைக்கு ஒதுக்கலாம்.