செகந்திராபாத் நமக்கு அயலூரா?

"பிழைக்க வந்த ஊர்" என்னும் சொல்லை நம்மவர் இன்னும் விட்டபாடில்லை. பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் மூன்று தலைமுறை வாழ்ந்து, இங்கேயே பேரன் பேத்தி கண்டவர்களும், சொந்த ஊர் எதுவெனக் கேட்டால் கும்பகோணம் என்றும் திருநெல்வேலி என்றுமே விடையிறுக்கின்றனர். பிறந்த மண்ணின்பால் பற்றிருத்தல் குற்றமன்று. ஆயின், பிள்ளைகள் தமிழை மறந்தால், "அயலூர் வாழ்க்கையின் பயன்" என்று இவ்வூரின் தலையில் பழியை ஏற்றுகிறோமே, அது நேர்மையன்று.

1806-ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் பெற்றது இந்நகர். சென்னைப் படையினரும், அவர்தம் பின்னே வணிகரும் எழுத்தரும் இங்கு வந்து குடியேறினர். பின்னாளில் மகபூப் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1862-இல் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார். அமெரிக்கா செல்லுமுன், 1893-இல், விவேகானந்தர் உரையாற்றியதும் அங்கேதான். ஊரிலிருந்து வரும் விருந்தினருக்குச் சார்மினாரைத் தவறாது காட்டும் நாம், இக்கல்லூரி வாயிலில் நின்று நம் பிள்ளைகளுக்கு இதனை ஒருநாளேனும் சொன்னதுண்டா?

உச்சயினி மாகாளி கோயிலையே பாருங்கள். படையில் பணிபுரிந்த இவ்வூரார் ஒருவர், காலரா நீங்கவேண்டி உச்சயினியில் நேர்ந்துகொண்டு, 1815-இல் திரும்பிவந்து நிறுவியது என்பர். தொலைவூர்ப் பெயரோடு வந்த அம்மனை இந்நகர் அயலாள் என்று ஒதுக்கவில்லை; போனாலுப் பானை சுமந்து வணங்குகிறது. இவ்வூர் நம்மையும் ஒதுக்கவில்லை. ஒதுங்கி நிற்பவர் நாமே.

"பள்ளியில் தமிழ் இல்லையே" என்பார்க்கு ஒன்று கேட்போம். அடுக்களையில் தமிழ் பேச எந்த அரசாணை வேண்டும்? காலைக் காப்பியை நீட்டும்போதே குழந்தையிடம் ஆங்கிலம் பேசுகிறோம். அதனைப் பெருமையென உறவினரிடமும் சொல்லி மகிழ்கிறோம். தெருவில் கேட்கும் தெலுங்கும் உருதுவும் நம் தமிழைப் பறிக்கவில்லை. நம் கூடத்தில் நாமே அதற்கு இடம் மறுத்தோம்.

சங்கத்திற்கு ஆண்டுக்கொருமுறை வந்து, பொங்கலுண்டு செல்வதால் மொழி வாழாது. இன்றிரவு உணவின்போது பிள்ளைகளோடு தமிழில் பேசுவோம். நாளை, அண்டை வீட்டாரோடு தெலுங்கில் உரையாடக் கற்போம். இரண்டையும் செய்யாதவரை, இவ்வூரைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை.